வீட்டு மேல சாயுற புளியமரம்: யாரைக் கூப்பிட்டு எடுக்கறது? (தர்மபுரி, பாலக்கோடு பக்கம்)

பாலக்கோட்டுப்பொண்ணு | ஜூன் 12, இரவு 9:40

எல்லாருக்கும் வணக்கம். எங்க அம்மா வீடு பாலக்கோடு தாலுகாவுல ஒரு கிராமத்துல இருக்கு. அம்மாவுக்கு 67 வயசு, தனியா இருக்காங்க. நான் ஓசூர்ல வேலை பாக்கறேன். சமையக்கட்டுக்குப் பின்னால பதினஞ்சு அடி தள்ளி ஒரு புளியமரம். அப்பா வீடு கட்டறதுக்கு முன்னாடியே அது பெரிய மரம். ரெண்டு பேர் கை கோத்தாத்தான் அடிமரத்தைச் சுத்த முடியும்.

போன வருஷம் கிழக்குப் பக்கம் காம்பவுண்டுக்கு அஸ்திவாரம் தோண்டினப்போ, தொடை தடிமன்ல ரெண்டு வேரை ஜேசிபி அறுத்துட்டுப் போச்சு. அன்னைக்கு யாரும் அதைக் கண்டுக்கல. போன மாசம் மழை பெஞ்ச பிறகு அம்மா போன் பண்ணி, "மரத்தடியில மண்ணு வெடிச்சிருக்குடி"ன்னாங்க. போய்ப் பாத்தேன். தூர்லருந்து மூணடி தள்ளி கிழக்குப் பக்கம் பிறை மாதிரி ஒரு விரிசல். ரெண்டு விரல் உள்ள போகுது. மரம் மேற்கே, சமையக்கட்டுப் பக்கம் சாஞ்சு நிக்குது. முன்னாடியே அப்படித்தானா, இப்பத்தான் சாஞ்சுதான்னு அம்மாவால உறுதியா சொல்ல முடியல.

ஊர்ல மர வியாபாரி ஒருத்தர் வந்து பாத்துட்டு, "பதினாலாயிரம் தர்றேன், நானே வெட்டி எடுத்துக்கறேன்"னார். அம்மாவுக்கு சந்தோஷம். எனக்குத்தான் மனசு ஒப்பல. கரண்டு சர்வீஸ் ஒயர் அந்தக் கிளைங்களுக்கு நடுவுலதான் வீட்டுக்கு வருது. ஓசூர்லருந்து இதுக்குன்னே இருக்கற ஆளுங்களைக் கூப்பிட்டா நாப்பதாயிரம் வரைக்கும் நாமதான் தரணுமாம். மரத்தையும் கொடுத்து பணத்தையும் கொடுக்கணுமான்னு அம்மா கேக்கறாங்க. ஆடி பிறக்க ஒரு மாசம்தான் இருக்கு. விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

அரூர்_தம்பி | ஜூன் 12, இரவு 10:15

அக்கா, வியாபாரிகிட்டயே விட்டுடுங்க. நாங்க தை மாசம் மூணு தைல மரம், ஒரு புங்கன் கொடுத்தோம். காலையில வந்தாங்க, மத்தியானத்துக்குள்ள டிராக்டர்ல ஏத்திட்டுப் போயிட்டாங்க. காசும் அன்னைக்கே கைக்கு வந்துடுச்சு. நாப்பதாயிரம் எல்லாம் ரொம்ப அதிகம்.

மாந்தோப்பு_காவேரிப்பட்டணம் | ஜூன் 13, காலை 6:05

தம்பி, உங்க தைல மரம் வரப்புல நின்னிருக்கும். எந்தப் பக்கம் விழுந்தாலும் மண்ணுலதான் விழும். இந்தம்மா சொல்றது வீட்டு மேல சாயுற மரம். ரெண்டும் ஒரே வேலை இல்ல.

பன்னிரண்டு வருஷம் ஆச்சு, இருந்தாலும் எழுதறேன். என் தம்பி வீட்டு வாசல்ல ஒரு வாகை மரம். மொட்டைமாடிக்கு மேல கிளை படர்ந்து கெடந்தது. பதினோராயிரத்துக்கு ஒரு வியாபாரி பேசினார். வந்தது மூணு பேர், ஒரு மிஷின் ரம்பம், ஒரு தேங்காநார் வடம். மேல ஏறின பையனுக்கு இருபத்தெட்டு வயசு இருக்கும். இடுப்புல பெல்ட்டு கிடையாது. பெரிய கிளையை மேலருந்தே அறுத்தான், அடியில முதல்ல ஒரு வெட்டு போடல. முக்கால்வாசி அறுபட்டதும் கிளை தன் பாரத்துல தொங்கிடுச்சு. பட்டை உரிஞ்சு அடிமரம் வரைக்கும் கிழிஞ்சு வந்து, அவன் நின்ன கால்லயே இறங்குச்சு. கிளை போய் கைப்பிடிச் சுவத்தை உடைச்சுட்டு உள்ள விழுந்தது.

சுவத்தை ஒரு வாரத்துல கட்டிட்டோம். அந்தப் பையன் அப்புறம் மரம் ஏறவே இல்ல. வியாபாரி போனை அணைச்சு வெச்சுட்டார். ஆஸ்பத்திரிச் செலவை நாங்கதான் பாத்தோம், அதுல எங்களுக்கு வருத்தம் கிடையாது. அவன் பொண்டாட்டி கைக்குழந்தையோட எங்க திண்ணையில வந்து உக்காந்திருந்தது இன்னைக்கும் கண்ணுல நிக்குது. என் தம்பி அந்தப் பதினோராயிரத்தைப் பத்தி இதுவரைக்கும் வீட்டுல வாய் திறந்ததில்ல.

ஒரு விஷயம் யோசிச்சுப் பாரும்மா. வியாபாரிக்கு மரம்னா டன் கணக்கு, நீளக் கணக்கு. கட்டை எவ்வளவு நீளமா, முழுசா இறங்குதோ அவ்வளவு விலை. சீக்கிரம் முடிஞ்சா கூலி மிச்சம். உங்க வீட்டுக்கு வேண்டியது நேர் எதிர். சின்னச் சின்னத் துண்டா, மெதுவா இறங்கணும். அவர் கெட்டவர்னு நான் சொல்லல. அவர் மரத்துக்கு விலை சொல்றார். நீங்க தேட வேண்டியது வேலைக்கு விலை சொல்ற ஆளை.

வேர்முண்டு | ஜூன் 13, காலை 8:30

இது என் தொழில்ங்க. பெங்களூர்ல ஒன்பது வருஷம் மரம் ஏறி வேலை செஞ்சேன், இப்ப ஓசூர்லயே குழு வெச்சிருக்கேன். உங்க வேலையைப் பிடிக்க இதை எழுதல. நீங்க சொன்னதுல ஒரு வரி என்னைப் பயமுறுத்துச்சு, அதான்.

சாய்வை விட அந்த விரிசல்தான் முக்கியம். சின்ன வயசுலருந்தே சாஞ்சு வளர்ந்த மரம் அந்தச் சாய்வுக்குத் தகுந்த மாதிரி வேரை விட்டிருக்கும். ஐம்பது வருஷம் அப்படியே நிக்கும். ஆனா சாயுற பக்கத்துக்கு எதிர்ப் பக்கம் மண்ணு புதுசா வெடிச்சா, வேர்த்தட்டு, அதாவது தூரைச் சுத்திப் பரந்த வேர்க்கூட்டம், மண்ணோட தூக்குதுன்னு அர்த்தம். உங்க மரத்துக்குக் கிழக்கு வேர்தான் நங்கூரம் மாதிரி பிடிச்சு நின்னது. அதைத்தான் ஜேசிபி அறுத்திருக்கு. நம்ம ஊர்ல பல இடத்துல செம்மண்ணு இடுப்பளவு கூட இருக்காது, கீழ பாறை. வேர் ஆழமாப் போகாது, பக்கவாட்டுலதான் ஓடும். அதனால பக்கத்து வேரை வெட்டறது இங்க ரொம்ப ஆபத்து.

இன்னைக்கே செய்ய வேண்டியது ரெண்டு. அம்மாவை முன்பக்கத்து அறைக்கு மாத்துங்க, சமையலையும் முன்னால வெச்சுக்கச் சொல்லுங்க. அப்புறம் விரிசலோட ரெண்டு பக்கமும் ஒரு ஆணி அடிச்சு, நடுவுல எவ்வளவு இடைவெளின்னு டேப்பு வெச்சு அளந்து எழுதி வையுங்க. மழை பெஞ்சா, காத்தடிச்சா மறுபடி அளங்க. கயிறு கட்டி மரத்தை இழுத்து நிறுத்தலாம்னு யாராச்சும் வந்தா வேண்டாம்னு சொல்லிடுங்க. இவ்வளவு பெரிய மரத்தைக் கயிறு நிறுத்தாது, கயிறு கட்டப் போற ஆளுதான் மரத்தடியில மாட்டிக்குவான்.

அடிமரத்துல காளான் இருக்கா, பொந்து இருக்கா, தட்டினா எப்படிச் சத்தம் வருதுன்னு பாத்துச் சொல்லுங்க.

பாலக்கோட்டுப்பொண்ணு | ஜூன் 14, மாலை 5:20

மாந்தோப்பு ஐயா, நீங்க எழுதினதை அம்மாவுக்குப் படிச்சுக் காட்டினேன். ரொம்ப நேரம் பேசாம இருந்தாங்க. "அந்தப் பையன் இப்ப எப்படி இருக்கான்"னு கேட்டாங்க.

வேர்முண்டு அண்ணா, இன்னைக்கு ஊருக்கு வந்துட்டேன். அம்மா முன்னறைக்கு மாறிட்டாங்க, அடுப்பு திண்ணையில. ஆணி அடிச்சாச்சு, இப்ப இடைவெளி 41 மில்லிமீட்டர். தூர்ல கிழக்குப் பக்கம் தட்டு மாதிரி ரெண்டு காளான், உள்ளங்கை அகலம், கல்லு மாதிரி கெட்டி. இடுப்பு உயரத்துல ஒரு பொந்து. கத்தாழை வெட்டற கத்தியோட பின்பக்கத்தால தட்டினேன். மேற்குப் பக்கம் கெட்டியான சத்தம். கிழக்குப் பக்கம் காலிப் பானையைத் தட்டின மாதிரி இருக்கு.

வேர்முண்டு | ஜூன் 14, இரவு 7:45

அப்படின்னா அந்த மரத்து மேல ஆள் ஏறவே கூடாதுங்க. எந்த ஆளும், என் ஆளும் சேத்து. அடிமரம் உளுத்து, வேர் போன மரத்துல ஏறினா, ஏறினவன் பாரமும் ஆட்டமும் சேந்தே அதைச் சாய்ச்சுடும். வெளியிலருந்துதான் வேலை செய்யணும். கூடை வெச்ச லிஃப்ட்டுல ஒருத்தர் நின்னு அறுக்கணும். அறுக்கற துண்டை கிரேன் முன்கூட்டியே நாடாப் பட்டை போட்டுப் பிடிச்சிருக்கணும். அதுக்குத்தான் அவ்வளவு காசு.

பாரம் எவ்வளவுன்னு ஒரு கணக்கு சொல்றேன். பச்சைப் புளியமரம் ஒரு கன மீட்டருக்குக் கிட்டத்தட்ட ஒரு டன். ஒரு அடி விட்டம், பத்தடி நீளம் இருக்கற கிளைத்துண்டு மட்டும் இருநூறு கிலோவுக்கு மேல வரும். அதை இருபதடி உயரத்துலருந்து விட்டா ஓடு, ஷீட்டு எதுவும் தாங்காது. கான்கிரீட் தளமும் விரிசல் விடும்.

ஆள் வந்து விலை சொல்றப்போ இதைக் கவனிங்க. வந்ததும் அண்ணாந்து கிளையைப் பாக்கறாரா, குனிஞ்சு தூரைப் பாக்கறாரான்னு பாருங்க. ரெண்டையும் பாக்காம விலை சொன்னா அனுப்பிடுங்க. முதல்ல எந்தக் கிளை, அது எங்க இறங்கும், யார் கீழ நிப்பாங்கன்னு கேளுங்க. தலைக்கவசம், இடுப்புச் சேணம், கால்ல ரம்பம் பட்டாலும் சிக்கி நின்னுடற மாதிரி துணி, இதெல்லாம் கொண்டு வருவாங்களான்னு கேளுங்க. அவங்க ஆளுங்களுக்கு விபத்துக் காப்பீடு இருந்தா அந்தச் சீட்டைக் காட்டச் சொல்லுங்க. வெக்கப்பட வேண்டாம். நல்லா வேலை செய்யறவன் கோச்சுக்க மாட்டான்.

ஓய்வு_லைன்மேன் | ஜூன் 14, இரவு 9:10

31 வருஷம் கம்பத்துல ஏறின ஆள் நான். அம்மா, ஒயர் விஷயத்தைக் கடைசியா வெச்சுக்காதீங்க. மரம் வெட்டறப்போ ரம்பத்தாலயும் சாவு வருது, கரண்டாலயும் வருது. பச்சைக் கிளையிலயும் நனைஞ்ச கயித்துலயும் கரண்டு பாயும்னு பலபேருக்குத் தெரியறதில்ல.

மின்வாரியப் பிரிவு அலுவலகத்துல உதவிப் பொறியாளர் பேருக்கு ஒரு மனு எழுதிக் கொடுங்க. சர்வீஸ் எண், கம்பத்து எண், தேதி, எத்தனை மணிலருந்து எத்தனை மணி வரைன்னு எழுதுங்க. உங்க வீட்டு ஒயர் மட்டும்னா கம்பத்துலருந்து அவுத்து வெப்பாங்க. பக்கத்துல 11,000 வோல்ட் லைன் போச்சுன்னா எல்.சி. (லைன் கிளியர், அதாவது லைனை நிறுத்தி வேலை செய்ய அனுமதி) எடுத்தாத்தான் வேலை. எல்.சி. எடுத்த ஆள் இடத்துக்கு வந்து, "லைன் செத்துடுச்சு, எர்த் போட்டாச்சு"ன்னு நேர்ல சொல்ற வரைக்கும் ஒரு இலையைக் கூடத் தொடாதீங்க. போன்ல சொன்னதை நம்பி ஏறின ரெண்டு பேரை நான் இறக்கியிருக்கேன்.

இன்னொண்ணு. பக்கத்து வீட்டுல ஜெனரேட்டரோ இன்வெர்ட்டரோ தப்பா இணைச்சிருந்தா, ஆஃப் பண்ணின லைன்லயும் திரும்பிக் கரண்டு வரும். அதனாலதான் எர்த் போடறது. உங்க பகுதிக்கு மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை என்னைக்குன்னு விசாரிச்சு, முடிஞ்சா அந்த நாள்லயே வேலையை வையுங்க. அன்னைக்கு ஆளுங்க எல்லாரும் லைன்லதான் இருப்பாங்க. அவசரம்னா மின்வாரிய உதவி மையம் மின்னகம் 94987 94987, எந்நேரமும் எடுப்பாங்க.

பசுமைத்தடம் | ஜூன் 15, காலை 7:00

எல்லாரும் எப்படி வெட்டறதுன்னே பேசறீங்க. வெட்டணுமான்னு ஒருத்தராவது கேக்கணும், அதனால நான் கேக்கறேன். சேலம் ரோட்டுலயும் ஓசூர் ரோட்டுலயும் சாலையை அகலப்படுத்தினப்போ எத்தனை புளியமரம் போச்சுன்னு பாத்தவங்க நாம. பாரத்தைக் குறைச்சா நிக்காதா? கிளையை மட்டும் கழிக்கக் கூடாதா?

வேற மரம் வெச்சிருக்கறவங்களுக்கும் சொல்றேன். வேப்பமரம் நுனியெல்லாம் கருகிக் காஞ்சு நின்னா செத்துப்போச்சுன்னு உடனே ஆளைக் கூப்பிடாதீங்க. நுனிக்கருகல் நோய்னா பட்டையைக் கீறிப் பாருங்க. உள்ள பச்சை இருந்தா கோடை மழைக்குப் பிறகு பெரும்பாலும் தளிர்க்கும். எங்க தெருவுல மூணு வேம்பு அப்படித்தான் பிழைச்சுது.

வேர்முண்டு | ஜூன் 15, காலை 9:25

பசுமைத்தடம், நீங்க கேட்டது சரியான கேள்வி. என்னை வெட்டக் கூப்பிடற இடத்துல பாதிக்குப் பாதி, "வெட்ட வேண்டாம், காஞ்ச கிளையை மட்டும் எடுங்க"ன்னு சொல்லிட்டுத்தான் வர்றேன். கிளை கழிக்கறதுன்னா தலையை மொட்டை அடிக்கறது இல்ல. மொட்டை அடிச்சா வெட்டின இடத்துலருந்து கொத்துக்கொத்தா போத்து வெடிக்கும். அது பட்டையில மட்டும் ஒட்டிக்கிட்டு இருக்கும். நாலு வருஷத்துல கைத்தடிமன் ஆகி, காத்துல மொத்தமாப் பிச்சுக்கிட்டு விழும். வெட்டின முகத்துல தண்ணி இறங்கி உள்ளேயும் உளுத்துடும். கிளை அடிமரத்தோட சேர்ற இடத்துல மோதிரம் மாதிரி ஒரு தடிப்பு இருக்கும். அதைத் தொடாம, அதுக்கு வெளிய வெட்டணும். அப்பத்தான் மரம் தானே காயத்தை மூடிக்கும்.

ஆனா இந்த அக்கா வீட்டு மரம் அந்தக் கட்டத்தைத் தாண்டிடுச்சு. வேர் அறுந்திருக்கு, தூர் உளுத்திருக்கு, மண்ணு தூக்குது. கீழ ஒரு அம்மா இருக்காங்க. இதே மரம் காட்டுக்கு நடுவுல நின்னா நிக்கட்டும்னு விட்டிருப்பேன்.

ஊத்தங்கரை_ஆசிரியர் | ஜூன் 15, பகல் 1:40

காத்து அடிச்சாத்தான் மரம் விழும்னு நினைக்கறவங்களுக்காக எழுதுகிறேன். 2024 டிசம்பர் 1, ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்த மறுநாள். ஊத்தங்கரையில ஒரே நாள்ல 50 சென்டிமீட்டர் மழை. பேருந்து நிலையத்துப் பக்கம் நின்ற வண்டிகள் வெள்ளத்துல உருண்டதை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். எங்கள் தெருவுல ஒரு தூங்குமூஞ்சி மரம் இருந்தது. மழை நின்று ரெண்டாம் நாள், இலை கூட அசையாத ஒரு மத்தியானத்துல அது விழுந்தது. நான் வாசல்ல நின்று பார்த்தேன். முதல்ல நிலத்துக்குள்ளருந்து நெட்டி முறிக்கற மாதிரி நாலைந்து சத்தம். பிறகு மெதுவாகப் படுத்தது. வேர்த்தட்டு ஒரு ஆள் உயரத்துக்கு எழுந்து நின்றது. அடியில் பார்த்தால் சப்பையான பாறை, துடைத்து விட்ட மாதிரி இருந்தது. மண்ணு ஊறினால் பிடிப்பு போய்விடுகிறது. மழை விட்டதும் ஆபத்து போய்விட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம்.

கீழே நின்ற காருக்கு முழுக் காப்பீடு இருந்ததால் பக்கத்து வீட்டுக்காரருக்குப் பணம் வந்தது. மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் வைத்திருந்தவருக்கு எதுவும் கிடைக்கவில்லை.

நல்லம்பள்ளி_வக்கீல் | ஜூன் 15, இரவு 8:50

வெட்டுவதற்கு முன் மரம் யாருடைய நிலத்தில் நிற்கிறது என்று உறுதி செய்துகொள்ளுங்கள். வரைபடத்தில் ஓடையோ வண்டிப்பாதையோ வீட்டை ஒட்டிப் போனால், நாம் நம்முடையது என்று நினைக்கும் மரம் புறம்போக்கில் நிற்கக்கூடும். அதில் புளி உலுக்கியது நம் தாத்தாவாக இருந்தாலும் வெட்டும் உரிமை நமக்கு வராது. புறம்போக்கு மரத்துக்கான 2சி பட்டா வைத்திருப்பவர்களுக்குக் கூட மரத்தின் பலனைத்தான் கொடுத்திருக்கிறார்கள். அப்படி இருந்தால் கிராம நிர்வாக அலுவலர் வழியாக வட்டாட்சியருக்கு மனுப் போட வேண்டும். அரசு நிலத்து மரம் வெட்டுவதை மாவட்டப் பசுமைக் குழு பார்க்கிறது. சாலையோர மரம் என்றால் நெடுஞ்சாலைத் துறை.

சொந்தப் பட்டா நிலத்தில், சமவெளியில் நிற்கும் புளி, வேம்பு, மா போன்றவற்றுக்குப் பொதுவாகச் சிக்கல் இல்லை. சந்தன மரம் பட்டா நிலத்தில் நின்றாலும் வனத்துறை அனுமதி இல்லாமல் தொடக்கூடாது. மலைப்பகுதி என்று அறிவிக்கப்பட்ட கிராமங்களுக்கு 1955ஆம் ஆண்டின் மரப் பாதுகாப்புச் சட்டம் தனியாக இருக்கிறது. உங்கள் கிராமம் அதில் வருகிறதா என்று வட்டாட்சியர் அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

பழையபேட்டை_வாடகைவீடு | ஜூன் 16, காலை 10:30

வக்கீல் சார், இடையில வந்து கேக்கறதுக்கு மன்னிக்கணும். நான் கிருஷ்ணகிரி. எங்க பக்கத்து மனையில ஒரு பெருங்கொன்றை, காஞ்சு போச்சு. மனைக்காரர் வெளியூர். மூணு தடவை போன்ல சொல்லிட்டேன், பாக்கலாம் பாக்கலாம்ங்கறார். என் பொண்ணு ஸ்கூல் வேன் ஏறுற இடம் அதுக்கு நேர் கீழ. நானே ஆள் விட்டு வெட்டலாமா?

நல்லம்பள்ளி_வக்கீல் | ஜூன் 16, பகல் 2:15

அவர் மனைக்குள் இறங்கி வெட்டாதீர்கள். உங்கள் எல்லைக்குள் நீட்டியிருக்கும் கிளையை எல்லை வரை கழிக்கலாம், அதையும் எழுதித் தெரிவித்துவிட்டுச் செய்யுங்கள். முழு மரத்துக்கும் வழி இருக்கிறது. விழும் நிலையில் இருந்து, அக்கம்பக்கத்தாருக்கோ வழிப்போக்கருக்கோ காயம் ஏற்படுத்தக்கூடிய மரத்தை அகற்றும்படி அதன் உரிமையாளருக்கு உத்தரவு போட நிர்வாக நடுவருக்கு அதிகாரம் உண்டு. முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152ஆம் பிரிவு. உங்கள் ஊருக்கு அந்த நடுவர் கோட்டாட்சியர்தான், அவரிடம் மனுக் கொடுக்க வேண்டும்.

முதலில் மனைக்காரருக்கு விரைவுத் தபால் (ஸ்பீட் போஸ்ட்) ஒன்று பதிவு வசதியுடன் அனுப்புங்கள், சேர்ந்ததற்கான ஒப்புகையும் கேளுங்கள். காய்ந்த கிளை, வேன் நிற்கும் இடம், பிள்ளைகள் நிற்பது எல்லாம் தெரியும்படி தேதியோடு படம் எடுத்து இணையுங்கள். பல பேர் அந்தத் தபால் போனதும் ஆள் அனுப்பிவிடுகிறார்கள். விழுந்து யாருக்காவது அடிபட்டால், எச்சரித்தும் கவனிக்கவில்லை என்பதற்கு அதுவே சாட்சி. அதுவரை வேனைப் பத்து வீடு தள்ளி நிறுத்தச் சொல்லுங்கள்.

பாலக்கோட்டுப்பொண்ணு | ஜூன் 20, இரவு 10:05

மன்னிக்கணும், நாலு நாளா அலைச்சல். பட்டாவும் வரைபடமும் பாத்தாச்சு, மரம் எங்க நிலத்துலதான். கிராம நிர்வாக அலுவலர்கிட்டயும் சொல்லிட்டோம். 17ஆம் தேதி ராத்திரி மழை பெஞ்சது. காலையில அளந்தா 41 இருந்தது 47 ஆயிருக்கு. அம்மாவுக்கு அதுவரைக்கும் பாதி மனசு வியாபாரி பக்கம் இருந்தது. அந்த ஆணியைப் பாத்ததும் அவங்களே, "காசு போனா போகுது, ஆளை வரச் சொல்லு"ன்னுட்டாங்க.

மூணு பேர் வந்து பாத்தாங்க. முதல் ஆள் பைக்கை விட்டு இறங்காமலே இருபத்தஞ்சாயிரம்னார். ரெண்டாவது ஆள், "ஏறிடலாம்க்கா, ஒண்ணும் ஆகாது"ன்னார். பொந்தைக் காட்டினேன், "இதெல்லாம் பாத்தா பொழைக்க முடியுமா"ன்னார். மூணாவதா வந்த மேஸ்திரி ஒன்றரை மணி நேரம் இருந்தார். மரச்சுத்தியலால அடிமரத்தைச் சுத்தித் தட்டினார். பொந்துக்குள்ள ஒரு கம்பியை விட்டார், முழங்கை நீளம் தடையே இல்லாம உள்ள போச்சு. தேன்கூடு இருக்கான்னு கிளை கிளையாப் பாத்தார். ரம்பச் சத்தத்துக்கு மலைத்தேனீ கலைஞ்சா ஊருக்கே ஆபத்தாம். பொந்துல ஆந்தை இருக்கான்னு போனை உள்ள விட்டுப் படமெடுத்தார், இல்ல. அப்புறம் எங்க சந்தோட அகலத்தை அளந்து, கிரேன் இதுல வராதுன்னுட்டார்.

வழி பின்னால தக்காளித் தோட்டம்தான். அது எங்க பெரியப்பா பங்கு. காய் கடைசி பறிப்பு முடியப் போகுது. அவர்கிட்ட அம்மாவே போய்க் கேட்டாங்க. அஞ்சு வருஷமா பேச்சுவார்த்தை இல்லாத வீடு. "மரம் உன் வீட்டு மேல விழுந்தா எனக்கு மட்டும் நல்லதா, வண்டியை விடு"ன்னுட்டார். மண்ணு ஈரமா இருந்தா சக்கரம் இறங்கிடும், ரெண்டு நாள் நல்லா வெயில் அடிக்கணும்னு மேஸ்திரி சொல்லியிருக்கார். தேதி 26.

அரூர்_தம்பி | ஜூன் 20, இரவு 10:40

அக்கா, நான் முதல்ல சொன்னதுக்கு வருத்தப்படறேன். ஆணி விஷயம் படிச்சதும் எங்க பாட்டி வீட்டுத் தென்னை ஞாபகம் வந்துச்சு. தண்டுல ஓட்டை ஓட்டையா இருக்கு, காவி நிறத்துல சாறு வடியுது. அது என்னன்னு யாராச்சும் சொல்லுங்க.

மாந்தோப்பு_காவேரிப்பட்டணம் | ஜூன் 21, காலை 5:50

சிவப்புக் கூன்வண்டா இருக்கும் தம்பி. ஓட்டையில மென்ன நார் மாதிரி துருத்திக்கிட்டு இருக்கும். காதை வெச்சுக் கேட்டா உள்ள கறகறன்னு அரிக்கற சத்தம் கேக்கும். உள்ள தின்னு தின்னு கூடாக்கிடும், குருத்து வாடினா கொண்டை ஒரு நாள் முறிஞ்சு விழுந்துடும். அதுல யாரையும் காய் பறிக்க ஏத்தாதீங்க. முதல்ல தோட்டக்கலைத் துறை ஆளைக் கூட்டி வந்து காட்டுங்க. ஆரம்பம்னா காப்பாத்தலாம்.

பாலக்கோட்டுப்பொண்ணு | ஜூன் 27, காலை 11:15

முடிஞ்சுது. யாருக்கும் ஒரு கீறல் கூட இல்ல. நடந்ததை முழுசா எழுதறேன், வேற யாருக்காச்சும் உதவும்.

காலை ஆறரைக்கு அஞ்சு பேர் வந்தாங்க. அம்மா மரத்துக்கு மஞ்சள் குங்குமம் வெச்சு, எலுமிச்சம்பழம் அறுத்து, கற்பூரம் காட்டினாங்க. மேஸ்திரி ரம்பத்தைக் கீழ வெச்சுட்டு முடியற வரைக்கும் நின்னார். லைன்மேன் ஒன்பதுக்கு வந்து கம்பத்துல ஒயரை அவுத்து, சுருட்டி, எங்க கண்ணு முன்னாடி ஓரமா வெச்சார். அதுக்கு முன்னாடி ஒரு கிளையும் தொடல. வீட்டைச் சுத்திக் கயிறு கட்டி, உள்ள யாரும் வரக்கூடாதுன்னு ஒரு பையனை நிறுத்தினாங்க. ஊர்க்காரங்க வேடிக்கை பாக்க வந்ததுல அவனுக்குத்தான் அதிக வேலை.

சாயுற பக்கத்துப் பாரத்தை முதல்ல இறக்கினாங்க. கூடையில ஒருத்தர். கிரேன்லருந்து வந்த பட்டையைக் கிளையில ரெண்டு இடத்துல போட்டு, லேசாத் தூக்கிப் பிடிக்கச் சொல்லி, அடியில ஒரு சின்ன வெட்டு, அப்புறம் மேல. அறுந்ததும் கிளை விழவே இல்ல. அப்படியே ஆகாசத்துல நின்னுது. பூவும் பிஞ்சுமா இருந்த கிளை, சிவப்பு எறும்பு கொட்டிக்கிட்டு, எங்க சமையக்கட்டு ஓட்டுக்கு ஒரு சாண் மேல மெதுவா நகர்ந்து போச்சு. கீழருந்து ஒருத்தர் வால்கயிறு பிடிச்சு அதைத் திருப்பிக்கிட்டே நடந்தார். நான் மூச்சு விடறதையே மறந்துட்டேன். ஒரு ஓடு கூட உடையல.

மத்தியானம் காத்து கொஞ்சம் எழும்பினதும் மேஸ்திரி வேலையை நிறுத்திட்டார். ஒரு மணி நேரம் எல்லாரும் நிழல்ல உக்காந்திருந்தாங்க. கிரேன் வாடகை ஓடுதேன்னு நான் நினைச்சேன், அவர் அதைப் பத்திப் பேசவே இல்ல. அடிமரத்தை மூணடி மூணடியா அறுத்து முடிக்கறப்போ மணி அஞ்சரை. கடைசித் துண்டைத் திருப்பிக் காட்டினாங்க. மேற்குப் பக்கம் ஒரு கையகலம் கெட்டியா நல்ல மரம். மீதியெல்லாம் கருப்பு. கையை விட்டா காபித்தூள் மாதிரி உதிருது, ஈரமா. இந்தக் கையகலத்துலதான் அது இத்தனை நாள் நின்னிருக்கு.

செலவு: லிஃப்ட்டும் கிரேனும் 17,000, ஆள் கூலி 15,000, மிலாறு அள்ளிப் போட டிராக்டர் 4,500. மொத்தம் 36,500. முன்பணம் அஞ்சாயிரம்தான் கேட்டாங்க, மீதியை இடம் சுத்தமானதும் கொடுத்தோம். சாயந்தரம் அதே மர வியாபாரி வந்தார். கீழ கெடந்த கட்டையை ஒன்பதாயிரத்துக்கு எடுத்துக்கிட்டார். உளுத்ததைத் தள்ளிட்டார், நியாயமான விலைதான்.

வேர்முண்டு | ஜூன் 27, பகல் 12:30

காத்துக்கு நிறுத்தின அந்த ஒரு மணி நேரத்துக்காக அந்த மேஸ்திரியைக் கும்பிடணும். தூரை என்ன செஞ்சாங்க அக்கா? ஜேசிபி விட்டுப் பிடுங்க வேண்டாம். வேர் உங்க அஸ்திவாரத்துக்கு அடியில போயிருக்கும், இழுத்தா தரையையும் சேத்துத் தூக்கிடும்.

பாலக்கோட்டுப்பொண்ணு | ஜூன் 27, பகல் 1:05

அதையேதான் அவரும் சொன்னார் அண்ணா. தரைமட்டத்துக்கு அறுத்து விட்டுட்டாங்க, தானே மக்கட்டும்னு. கரையான் வீட்டுப் பக்கம் வருதான்னு மட்டும் மழைக்காலம் முடிஞ்சதும் பாக்கச் சொல்லியிருக்கார். விரிசலை மண்ணு போட்டு மூடியாச்சு.

பழையபேட்டை_வாடகைவீடு | ஜூலை 3, மாலை 6:20

வக்கீல் சார் சொன்ன மாதிரி தபால் அனுப்பினேன். ஒப்புகை வந்த மூணாம் நாள் மனைக்காரர் போன் பண்ணினார். வெட்ட ஒத்துக்கிட்டார், ஆள் மட்டும் நீங்களே பாத்துக் கொடுங்க, காசு நான் தர்றேன்னார். பாலக்கோட்டு சகோதரி, உங்களுக்கு வேலை செஞ்ச அந்த மேஸ்திரி நம்பர் கிடைக்குமா? கிருஷ்ணகிரிக்கு வருவாரா?

பாலக்கோட்டுப்பொண்ணு | ஜூலை 3, இரவு 8:00

வருவார்ங்க. தனிச்செய்தியில அனுப்பிட்டேன். பேசறதுக்கு முன்னாடி மரத்தோட தூரையும், வண்டி வர்ற வழியையும் படமெடுத்து அனுப்புங்க, அதைத்தான் முதல்ல கேப்பார்.